காணாமல் போன பிள்ளையும் ஊர் வாயும்

சென்ற மாதம் நமது சங்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நானும் சில நிமிடங்கள் பேசினேன். கூட்டம் முடிந்ததும் இரண்டு மூன்று தாய்மார்கள் வந்து, "இதை எழுதியே கொடுத்துவிடுங்கள் சார், வீட்டில் வைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். மலரின் ஆசிரியரும் அதையே கேட்டார். ஆகவே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் தவறு செய்தவன் நான்தான்.

அந்த மாலை

2017 நவம்பர் மாதம். கிழக்கு டெல்லி மயூர் விஹாரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் டியூஷனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கம்; மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. தாயாருக்கு வங்கியில் வேலை. பையனின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவனுடைய பெற்றோரின் சம்மதத்துடன்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு வரவேண்டியவன் எட்டரை ஆகியும் வரவில்லை. டியூஷன் ஆசிரியரைக் கேட்டால், அன்று அவன் வகுப்புக்கே வரவில்லை என்கிறார். அவனிடம் கைபேசி கிடையாது. ஒன்பது மணிக்குள் கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் இருபது பேர் கூடிவிட்டோம். தமிழர், பஞ்சாபியர், மலையாளி, வங்காளி எல்லோரும் இருந்தோம். சிலர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெட்ரோ நிலையப் பக்கம் தேடப் போனார்கள். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

பேச்சு என்றால் என்ன பேச்சு! "அம்மா காலையில் போனால் இரவுதான் வருகிறாள், பிள்ளையை யார் பார்ப்பது?" என்றார் ஒருவர். "மதிப்பெண் குறைந்திருக்கும்" என்றார் இன்னொருவர். "ஏதாவது பெண் விவகாரமாக இருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகள்தானே" என்றார் மூன்றாமவர். நம்மவர் ஒருவர், "ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்திருந்தால் இப்படி ஆகுமா? எல்லாம் டெல்லி வளர்ப்பு" என்று பெருமூச்சு விட்டார். அவருடைய பிள்ளைகளும் டெல்லியில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதையாக, ஒரு வீட்டின் துயரம் எங்களுக்கு அன்று கிடைத்தது.

நான் சொன்ன ஒரு வாக்கியம்

நான் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். "முந்தாநாள் இரவு அவர் வீட்டில் பெரிய சத்தம். சுவர் வழியாகவே கேட்டது. பையனை நன்றாக அடித்திருப்பார் போலிருக்கிறது."

சத்தம் கேட்டது உண்மை. அடித்தது என் கற்பனை. "போலிருக்கிறது" என்ற சொல்லை நான் சேர்த்துத்தான் சொன்னேன். ஆனால் அடுத்தவர் வாய்க்குப் போனதும் அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. பத்து மணிக்கு அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் "தகப்பனார் அடித்ததால் பையன் ஓடிவிட்டான்" என்று வந்துவிட்டது.

பத்தரை மணிக்குப் பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போனபோது அந்தச் செய்தி அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. துணைக்குப் போன அன்பர் ஒருவரே அதைச் சொல்லியிருக்கிறார். பணியில் இருந்த காவலர் முழு விவரமும் கேட்கவில்லை. "கோபித்துக்கொண்டு போன பையன்தானே? ஆ ஜாயேகா, ஆ ஜாயேகா. காலையில் வந்துவிடுவான்" என்று நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். தாயாரிடம், "வீட்டில் யாராவது அடித்தீர்களா? நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அந்த அம்மாளுக்கு இந்தி சரளமாக வராது. அழுதுகொண்டே நின்றிருக்கிறார்.

பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பிய பாண்டிய மன்னனைக் குறை சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் புறங்கூறாமைக்கு ஒரு அதிகாரம், பயனில சொல்லாமைக்கு அடுத்த அதிகாரம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள். நானும் செய்தவன்தான். அன்றிரவு அவற்றில் ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை.

வாய் திறந்தவன் யார்?

மறுநாள் காலை என் மனைவி ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லோரும் "என்ன நடந்தது? ஏதாவது சொன்னீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, கேள்வி கேட்காத ஆள் இவள் ஒருத்தி.

பதினோரு மணி அளவில் மூன்றாம் மாடியில் இருக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் என் மனைவியைத் தனியே அழைத்தார். "அக்கா, என் பையனுக்கு ஏதோ தெரியும் போலிருக்கிறது. நேற்றிரவே சொல்ல வந்தான். நான்தான் வாயை மூடு என்றேன். அந்த வீட்டில் அடிதடி என்கிறார்கள், போலீஸ் என்கிறார்கள். நாளைக்கு என் பிள்ளையையும் சேர்த்து இழுத்துவிட்டால் என்ன செய்வேன்?" என்றார்.

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். காணாமல் போனவன் இரண்டு நாள் முன்பு, "நிஜாமுத்தீனிலிருந்து சென்னைக்கு முன்பதிவில்லாத டிக்கெட் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டிருக்கிறான்.

இந்த ஒரு வரி முந்தின இரவு ஒன்பது மணிக்கே எங்களுக்குக் கிடைத்திருந்தால், ரயில் டெல்லியை விட்டுப் போகுமுன்பே அவனைப் பிடித்திருக்கலாம். கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான் சொன்ன வாக்கியம். பெற்றோர் மீது பழி விழுந்த வீட்டுப் பக்கம் யாரும் நெருங்க மாட்டார்கள். தெரிந்தவர்களும் தெரியாதது போல் இருந்துவிடுவார்கள். இதுதான் நான் படித்த முதல் பாடம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நம் சங்கத்து வழக்கறிஞர் ஒருவர் உடன் போய் எப்.ஐ.ஆர். பதிவு செய்ய வைத்தார். ரயில்வே பாதுகாப்புப் படைக்கும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் படம் போயிற்று. மாலை ஐந்து மணிக்கு நாக்பூரிலிருந்து தகவல் வந்தது. தண்ணீர் பிடிக்க இறங்கியவன் ரயிலைத் தவறவிட்டு நடைமேடையில் உட்கார்ந்திருந்தான். நிலையத்தில் இருந்த குழந்தைகள் உதவி மையத்தார் அவனைக் கண்டு பேசி உட்கார வைத்திருந்தார்கள். தகப்பனார் விமானத்தில் போய், குழந்தைகள் நலக் குழுவின் முன் சான்றுகளைக் காட்டி அழைத்து வந்தார்.

ஏன் போனான்? நான் சுவர் வழியாகக் கேட்ட சத்தம், தகப்பனார் ஊரில் இருக்கும் தம்பியோடு நிலத் தகராறு பற்றித் தொலைபேசியில் போட்ட சண்டை. "இனி அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உள்ளே படித்துக்கொண்டிருந்த பையனுக்குக் கேட்டது. அந்த வீட்டில்தான் நோயாளியாகத் தாத்தா இருந்தார். இனிமேல் அவரைப் பார்க்கவே முடியாது என்று நினைத்துப் புறப்பட்டுவிட்டான். அவன் மேல் ஓர் அடிகூட விழவில்லை.

நிதாரியை மறக்கலாமா?

எங்கள் பையன் கிடைத்துவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் கிடைப்பதில்லை. மயூர் விஹாரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், நொய்டா 31-ஆம் செக்டரை ஒட்டி நிதாரி கிராமம் இருக்கிறது. 2005, 2006 ஆண்டுகளில் அங்கே குழந்தைகளும் இளம்பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். அந்தக் குடும்பங்களில் பல, வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவை. நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். "உன் பெண் யாரோடாவது ஓடியிருப்பாள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு.

2006 டிசம்பர் 29 அன்று ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் நாடு விழித்துக்கொண்டது. மத்திய அரசு அனுப்பிய குழு காவல் துறையின் அலட்சியத்தைச் சுட்டிக்காட்டியது. காவலர்கள் சிலர் வேலையிழந்தார்கள். பிறகு வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், புலன் விசாரணையைக் கடுமையாகக் குறை கூறி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. 2025 நவம்பரில் எஞ்சியிருந்த கடைசி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்துவிட்டது. ஆக, அந்தப் பெற்றோருக்குக் குழந்தையும் இல்லை, விடையும் இல்லை.

"ஓடியிருப்பாள்" என்பது ஓர் அபிப்பிராயம்தான். ஆனால் அந்த அபிப்பிராயத்தோடு தேடுதல் நின்றுபோகிறது. முதல் சில மணி நேரத்தில் கிடைக்கக்கூடிய சாட்சியும் தடயமும் பிறகு எத்தனை ஆண்டு விசாரித்தாலும் கிடைப்பதில்லை.

வதந்தி கொலையும் செய்யும்

பிள்ளைகளைப் பற்றிய பயம் மறுபக்கமும் பாயும். 2018-ஆம் ஆண்டில் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற செய்தி கைபேசி வழியே நாடு முழுவதும் பரவியது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் போன குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதையே காரணமாக வைத்து ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அதே மாதம் பெங்களூரில் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற கிராமத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். அவர்களும் வெளியூர்க்காரர்களே.

வேற்று மொழி பேசும் ஊரில் வாழும் நாம் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும். இன்று நாம் பரப்பும் சந்தேகம் நாளை நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இவற்றை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்து வைத்திருத்தல் அவசியம்.

1. பதினெட்டு வயது நிரம்பாதவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் குழந்தையே. பதினேழு வயதுப் பையன் "பெரியவன், தானே வருவான்" என்று சொல்லிக் காவல் நிலையம் தட்டிக்கழிக்க முடியாது.

2. "24 மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பிள்ளை காணவில்லை என்று உறுதியானதும் உடனே போகலாம், போகவேண்டும்.

3. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தை காணாமல் போன புகார் எதுவானாலும் எப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும் என்றும், வேறு விதமாகத் தெரியவரும் வரை அது கடத்தல் என்றே கொண்டு விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நான்கு மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு மாற வேண்டும்.

4. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்றது. அந்த வழக்கின் மூலமும் நம் பக்கத்து காஜியாபாத்தில் மகளைத் தேடிய ஒரு தகப்பனாரின் புகார்தான்.

5. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

6. கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். ஆகவே தகவல் வந்ததும் பிள்ளையின் பிறப்புச் சான்று, உங்கள் அடையாளச் சான்று, சேர்ந்து எடுத்த படம் ஆகியவற்றோடு புறப்படுங்கள்.

7. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட அல்லது பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி முதலியவற்றைப் பத்திரிகைகளிலும் பிற ஊடகங்களிலும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையனின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான். அவனுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பெற்றோர் செய்ய வேண்டியது

முதலில் 112-க்கும் 1098-க்கும் பேசுங்கள். ரயில் ஏறியிருக்கலாம் என்று தோன்றினால் 139. சமீபத்தில் எடுத்த முகம் தெளிவாகத் தெரியும் படம், அணிந்திருந்த உடை, உடம்பில் உள்ள மச்சம் தழும்பு, கையில் இருந்திருக்கக்கூடிய பணம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பிள்ளை என்னென்ன மொழி பேசுவான் என்பதையும் எழுதுங்கள். பயந்துபோன குழந்தை வேற்றூர் நடைமேடையில் தாய்மொழியில்தான் பேசும். அதைப் புரிந்துகொள்ள ஆள் தேட அது உதவும்.

வீட்டில் நடந்த சண்டையைப் போலீசாரிடம் மறைக்காதீர்கள். அது அவமானம் ஆகாது. தேடுதலுக்கு வழி காட்டும் தகவல். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசிச் சண்டையைச் சொல்லக் கூச்சப்பட்டார். "எங்களை ஏற்கெனவே குற்றவாளியாகப் பார்க்கிறார்கள், இதையும் சொன்னால் என்ன ஆவது?" என்று நினைத்தாராம். சொல்லியிருந்தால் ஊர்ப் பக்கம் போகும் ரயிலைப் பற்றி யாருக்காவது அன்றிரவே தோன்றியிருக்கும். அவரைக் கூச்சப்பட வைத்தவர்களில் நானும் ஒருவன்.

பிள்ளை திரும்பி வந்தால் அன்றைக்கே விசாரணை வைக்காதீர்கள். குளிக்க வெந்நீர், சாப்பாடு, தூக்கம். கேள்விகள் மறுநாளுக்கு இருக்கட்டும்.

அண்டை வீட்டார் செய்ய வேண்டியது

நாம் பெற்றோராக இருக்கும் நேரத்தைவிட அண்டை வீட்டாராக இருக்கும் நேரமே அதிகம். ஆகவே இது எல்லோருக்கும்.

கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், நாமாக நினைத்ததையும் தனித்தனியாகப் பிரியுங்கள். முதல் இரண்டைக் காவல் துறையிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். மூன்றாவதை விழுங்கிவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, "உனக்குத் தெரிந்ததைச் சொல், உன்னை யாரும் திட்டமாட்டார்கள்" என்று கேளுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாதது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தியோ உள்ளூர் மொழியோ நன்றாகப் பேசத் தெரிந்தவர் காவல் நிலையத்துக்குத் துணை போங்கள். போய், பெற்றோர் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். சொந்தக் கருத்தைச் சேர்க்காதீர்கள்.

காவல் துறை வெளியிட்ட படத்தையே அனுப்புங்கள். பிள்ளை கிடைத்ததும் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். தேடுவதற்காகப் போன படம் பிறகு அவனுடைய திருமணப் பேச்சு வரை பின்தொடரக் கூடாது.

"வேலைக்குப் போகும் தாய்", "கண்டிப்பான தகப்பன்", "டெல்லி வளர்ப்பு" என்ற சொற்களை அன்று ஒரு நாளாவது வாயில் வராமல் காத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாத தாயின் பிள்ளையும் காணாமல் போகிறது. ஊரில் வளரும் பிள்ளையும் காணாமல் போகிறது.

கடைசியாக

பையன் திரும்பி வந்த மறுவாரம் நான் பக்கத்து வீட்டுக்குப் போய், "அடித்தீர்கள் என்று முதலில் சொன்னது நான்தான்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும் சார்" என்றார். "அன்றைக்கே தெரியும். நீங்கள் சொன்னால் நம்புவார்கள் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது" என்றார். அந்த அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

பள்ளி விடுமுறை விட்டதும் அவர்கள் மூவரும் ஊருக்குப் போய்த் தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நிலத் தகராறு தீரவில்லை. ஆனால் படியை மிதித்தார்கள். பையன் இப்போது படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான். மாடிப்படியில் எதிரே வந்தால், "வணக்கம் மாமா" என்கிறான். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், சுவருக்கு அப்பால் கேட்ட சத்தத்துக்கு நான் சொந்தமாக எழுதிய பொருள் நினைவுக்கு வருகிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் என் வாய்க்கு நான் இருக்கிறேன் அல்லவா?